ஆமைத் தொட்டியில் சூடு கூடினாலும் குறைந்தாலும் எங்கே பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஊர்வன இரண்டே இரண்டுதான்: செங்காது ஆமை, மலாயன் பாக்ஸ் ஆமை. பல்லி, ஓணான், இகுவானா, லெப்பர்ட் கெக்கோ எதற்கும் அனுமதி இல்லை. அதனால் இங்கே தொட்டியின் சூடு பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் செங்காது ஆமை வைத்திருப்பவர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்திலும் உறவிலும் ஆமைத் தொட்டி பழுதென்றால் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. "அண்ணே, ஆமை சாப்பிடவே மாட்டேங்குது, ஹீட்டர் ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் தண்ணீர் 31 டிகிரியில் நிற்கும். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஹீட்டர் வாங்குகிறோம். நம் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் நேர்மாறானது. அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

எந்தப் பழுதானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

தொட்டிக்கு இரண்டு சூடு உண்டு. வளர்ந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம், குட்டிக்கு 26 முதல் 28 வரை. வெயில் காயும் மேடையின் மேல்பரப்பு 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஐந்து டிகிரியாவது வித்தியாசம் வேண்டும். ஆமை தன் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

கண்ணாடியின் வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானியை நம்பாதீர்கள். அது பாதி அறையின் சூட்டைத்தான் காட்டும். ஒயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சாரை நடுவில் இரண்டு நிமிடம் வையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். ஒன்று கூடக் காட்டினால் அந்த ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு என்று தள்ளிக் காட்டினால் தூக்கிப் போடுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். இந்த இரண்டு எண்களை வைத்தே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அறிகுறி 1: தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நிற்கிறது

நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆமை மந்தமாக இருக்கும் அல்லது ஓயாமல் கண்ணாடியைப் பிறாண்டும். தண்ணீர் சீக்கிரம் நாறும், பச்சை படியும்.

*பிற்பகலில் மட்டும் ஏறி, காலையில் இறங்கிவிடுகிறது என்றால்* காரணம் வெளியே இருக்கிறது. மேற்குப் பார்த்த சன்னலா? பிற்பகல் நான்கு மணிக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். தரையில் படுகிற வெயில் தொட்டியின் மூலையைத் தொட்டாலே போதும், தண்ணீர் ஏறிவிடும். தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் சன்னலோரத் தொட்டி ஆமைக்குப் பொறிதான். ஒரு செலவும் இல்லாத தீர்வு இது. ஆனால் "டிவி பக்கத்துல வெச்சா அழகா இருக்காதே" என்று சொல்லி இதைத்தான் பலர் கடைசியாகச் செய்கிறார்கள்.

*காலையிலும் இறங்கவில்லை என்றால்* காரணம் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

மூடி முழுக்க மூடியிருக்கிறதா? கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடுங்கள். சூடு வெளியேற வழி வேண்டும்.

தண்ணீர் மட்டம் எப்படி? அரைத் தொட்டி தண்ணீர் சீக்கிரம் சூடாகும். ஆமை தப்பி வெளியே வராத அளவுக்கு இடம் விட்டு, மீதியை நிரப்புங்கள்.

வெயில் விளக்கு எங்கே பார்க்கிறது? மேடையைப் பார்க்க வேண்டிய விளக்கு கிளிப் தளர்ந்து தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். விளக்கைச் சரியாகத் திருப்பி, இரவில் தானே அணையும்படி டைமர் போடுங்கள்.

ஹீட்டர் உள்ளே இருக்கிறதா? பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு விடாதீர்கள், கழற்றியே வையுங்கள். தெர்மோஸ்டாட் (குறித்த சூடு வந்ததும் ஹீட்டரை அணைக்கும் பகுதி) கெட்டுப்போன ஹீட்டர் நிற்காமல் எரியும். 26-இல் வைத்திருக்கிறேன் என்பீர்கள், அது 33 வரை கொண்டுபோகும். கழற்றி ஒரு நாள் கழித்துத் தண்ணீர் இறங்கியிருந்தால் ஹீட்டர்தான் குற்றவாளி. அதைப் பழுதுபார்க்க வேண்டாம், வீசிவிடுங்கள்.

பம்பு பழசா? தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஃபில்ட்டரின் மோட்டாரும் சூடு தரும். உள்ளே தலைமுடியும் சேறும் சுற்றி இறுகியிருந்தால் இன்னும் அதிகம். பிளக்கைக் கழற்றி, மோட்டாரின் விசிறியை எடுத்துக் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்தும் 29-க்குக் கீழே வரவில்லை என்றால் விசிறி. தொட்டியின் விளிம்பில் மாட்டும் சின்ன விசிறி தண்ணீர்ப் பரப்பின் மேல் குறுக்காக வீச வேண்டும். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். விடாமல் மழை பெய்து காற்றில் ஈரம் கூடிய நாளில் அவ்வளவு இறங்காது. ஆனால் அன்றைக்குப் பொதுவாகத் தேவையும் இராது. விசிறிக் காற்று மேடை மீது அடிக்கக்கூடாது, நனைந்த ஆமைக்கு அது ஆகாது.

விசிறி போட்டால் தண்ணீர் மட்டம் தினமும் இறங்கும். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் அடுத்த பழுது வருகிறது: பம்பு வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சும், ஹீட்டர் இருந்தால் பாதி வெளியே நிற்கும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே போனதும் நிரப்புங்கள். நம் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரமின் கலக்கிறார்கள். ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் அது போகாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவோடு கலந்தே ஊற்றுங்கள்.

ஐஸ் கட்டியும் உறைய வைத்த பாட்டிலும் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தினப்படி வழியாக வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரி இறங்கி, அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஏறுவது ஆமைக்கு 30 டிகிரியை விடக் கெடுதல். மின்தடை மாதிரி அவசரத்துக்கு மட்டும், பாட்டிலாக, ஒரு மூலையில்.

கடைசிப் படி சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம். சில நூறு வெள்ளி ஆகும், மின்கட்டணமும் கூடும். ஏற்கெனவே சில்லர் இருந்து, ஓடிக்கொண்டே இருந்தும் குளிரவில்லை என்றால் முதலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைத் தன்னைச் சுற்றியே கக்கும். வெளியே எடுத்து, நான்கு பக்கமும் காற்று போக இடம் விட்டு, பின்பக்கத் தகடுகளில் படிந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அதன் பிறகும் குளிரவில்லை என்றால் கேஸ் போயிருக்கலாம். திறக்காதீர்கள், வாங்கிய கடையின் ஆளைக் கூப்பிடுங்கள்.

செலவு தாங்கவில்லை, ஆமையை வேண்டாம் என்று முடிவெடுத்தால் முறையாக வேறு ஒருவரிடம் கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விடுவது சட்டப்படி குற்றம், அங்கே இருக்கும் உயிர்களுக்கும் கேடு. எனக்கு இதில் விட்டுக்கொடுத்துப் பேச மனம் வருவதில்லை.

அறிகுறி 2: ஆமை மேடையில் ஏறி வெயில் காயவே இல்லை

இதையும் சூட்டுப் பிரச்சினையாகவே பாருங்கள். ஓடு ஒருநாளும் காயாமல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், மெதுவாக அழுகும்.

*தண்ணீர் 29-க்கு மேல் இருக்கிறதா?* அப்படியென்றால் ஆமைக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை. தண்ணீரிலேயே போதிய சூடு கிடைக்கிறது. மேடையை மாற்றாதீர்கள், விளக்கை மாற்றாதீர்கள். அறிகுறி 1-க்குத் திரும்பிப் போய்த் தண்ணீரை 26-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று நாளில் தானாக ஏறும். புது மேடை, புது விளக்கு, புதுச் சரிவுப் பலகை என்று காசு செலவழித்த பலர் வீட்டில் இதுதான் காரணமாக இருந்தது.

*தண்ணீர் சரியான சூட்டில்தான் இருக்கிறது என்றால்* மேடையை அளங்கள். ஆமையின் ஓடு இருக்கும் இடத்தில் சென்சாரை வைத்து, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

மேடை 32-க்குக் கீழே இருந்தால், எந்த பல்பு என்று பாருங்கள். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. சூட்டுக்கு ஹாலோஜன் பல்பு வேண்டும், சாதாரண வீட்டுத் தொட்டிக்கு 50 வாட் போதும். பல்பு சரியானதாக இருந்தால் விளக்கைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி அரை மணி நேரம் கழித்து அளங்கள்.

35-ஐத் தாண்டினால் விளக்கை உயர்த்துங்கள். கிளிப்பை மட்டும் நம்பி விளக்கைத் தொங்கவிடாதீர்கள். மெல்லிய சங்கிலியாலும் கட்டி வையுங்கள். சூடான விளக்கு தண்ணீரில் விழுந்தால் ஆமைக்கும் ஆபத்து, கை விடுகிற உங்களுக்கும் ஆபத்து.

சூடும் சரியாக இருந்தால் மேடையின் வடிவம்தான் காரணம். சரிவு செங்குத்தாக இருக்கும், வழுக்கும், அல்லது ஆமை வளர்ந்துவிட்டது, மேடை வளரவில்லை. முழு உடம்பும் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். ஆட்கள் நடக்கிற வழியில் தொட்டி இருந்தாலும் கூச்சப்பட்டு ஏறாது. ஒரு பக்கம் அட்டையால் மறைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு சூட்டுக்காக அல்ல, ஓடும் எலும்பும் வலுப்பட. அது எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வலு இழந்துவிடும், மாற்ற வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் சூட்டைத்தான் தரும், யுவிபியைக் கண்ணாடி தடுத்துவிடும். "வெயில்தான் வருதே" என்று அந்த விளக்கை வாங்காமல் விடாதீர்கள்.

அறிகுறி 3: ஆமை மேடையை விட்டு இறங்குவதே இல்லை

தண்ணீரை அளங்கள். 31, 32 என்றால் சூடு தாங்காமல் ஏறியிருக்கிறது. 22, 23 என்றால் குளிர் தாங்காமல். இரண்டும் இல்லை என்றால் அமோனியா (ஆமையின் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சு) சோதனை செய்யுங்கள், மீன் கடைகளில் சோதனைத் திரவம் கிடைக்கும். அமோனியா தெரிந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

தண்ணீரில் மின்கசிவு இருந்தாலும் ஆமை இறங்காது. சந்தேகம் வந்தால் கையை விட்டுப் பார்க்காதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஆமை இறங்கி நீந்தத் தொடங்கினால் அறிகுறி 5-ஐப் படியுங்கள்.

பெண் ஆமை முட்டையிடும் பருவத்திலும் அங்கும் இங்கும் தவிக்கும், இறங்காது. பின்னங்கால்களால் மேடையைத் தோண்டுவது போல் செய்தால் மருத்துவரிடம் கேளுங்கள், முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி 4: காலையில் தண்ணீர் 24-க்குக் கீழே இறங்கிவிடுகிறது

இங்கே இது ஏறக்குறைய ஒரே காரணத்தால்தான் வரும்: படுக்கையறையில் தொட்டி, ராத்திரி முழுக்க ஏர்கான். 22-இல் வைத்துப் படுத்தால் விடியும்போது தண்ணீரும் அந்தப் பக்கம் போயிருக்கும். பகலில் ஏர்கானை நிறுத்தியதும் 29. தினமும் இந்த ஏற்ற இறக்கம்தான் ஆமைக்குச் சளி பிடிக்க வைக்கிறது.

தொட்டியைக் கூடத்துக்கு மாற்றுங்கள். அதோடு முடிந்தது. மாற்ற வழியே இல்லாவிட்டால் ஏர்கான் காற்று நேராகத் தொட்டி மேல் விழாமல் திசை திருப்பி, 26-இல் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால்தான் ஹீட்டர். நூறு லிட்டர் தண்ணீருக்கு 100 வாட் தாராளம். ஆமை கடித்து உடைக்காதபடி பிளாஸ்டிக் கூண்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் நாள் கணக்கில் அடைமழை பிடித்தால் ஏர்கான் இல்லாத வீட்டிலும் தண்ணீர் 24, 25-க்கு வரும். வளர்ந்த, நலமான ஆமைக்கு அது ஒன்றும் செய்யாது. மேடை விளக்கு எரிந்தால் போதும்.

விசிறியும் ஹீட்டரும் ஒன்றாக இருக்கும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். விசிறி குளிரவைக்கும், ஹீட்டர் உடனே சூடாக்கும், வெப்பமானி அசையாமல் 27 காட்டும், மின்கட்டணம் மட்டும் ஏறும். விசிறி ஓடும்போது ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஆளில்லாத வீட்டில் ஏர்கான் ஓடாது, ஹீட்டருக்கு வேலையும் இல்லை. சாவி வாங்கிக்கொண்டு வந்து பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மார்க்கர் கோட்டையும் வெப்பமானியையும் காட்டிவிட்டுப் போனால் போதும்.

அறிகுறி 5: ஹீட்டரோ விளக்கோ போட்டதும் மின்சாரம் துண்டிக்கிறது, அல்லது தண்ணீரைத் தொட்டால் விர்ரென்கிறது

கையை எடுங்கள். தண்ணீரைத் தொடாமல் சுவரிலிருக்கும் சுவிட்சுகளை அணைத்து, பிளக்குகளைக் கழற்றுங்கள். அப்புறம்தான் ஆமையை எடுக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா? தண்ணீர் மாற்றும்போது எரிந்துகொண்டிருந்த ஹீட்டர் காற்றில் நின்று, மறுபடி தண்ணீர் பட்டால் அப்படித்தான் விரியும். தண்ணீர் மாற்றுவதற்கு கால் மணி நேரம் முன்பே பிளக்கைக் கழற்றுவது இதற்காகத்தான். ஒயர் தோல் உரிந்திருக்கிறதா? தொட்டிக்கு நேர் கீழே எக்ஸ்டென்ஷன் கிடக்கிறதா? ஒயர் வழியாகச் சொட்டும் தண்ணீர் நேராகப் பிளக்குக்குள் போகும். பிளக்கை விடத் தாழ்வாக ஒயர் தொங்கி மேலே ஏறும்படி வையுங்கள், எக்ஸ்டென்ஷனைத் தரையை விட்டு உயர்த்தி மாட்டுங்கள்.

விரிசல், ஆவி, உரிந்த ஒயர் எது இருந்தாலும் அந்தச் சாதனம் குப்பைக்கு. டேப் சுற்றி ஓட்டாதீர்கள். புதிது வாங்கும்போது மூன்று முள் பிளக்கும், சட்டப்படி வேண்டிய பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மின்சாரம் துண்டித்தால், அல்லது மின்பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்தியும் கசிவுத் தடுப்பான் (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாவிட்டால், இனி நீங்கள் தொடக்கூடாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள். 1985-க்கு முந்திய வீடுகளில் அந்தத் தடுப்பானே இல்லாமல் கட்டியிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் தொட்டி வைப்பதற்கு முன்பே அதைப் பொருத்திவிடுங்கள்.

அறிகுறி 6: தொட்டி சரியாகிவிட்டது, ஆமை சரியாகவில்லை

இனி வெப்பமானிக்கு வேலை இல்லை, மருத்துவருக்குத்தான். கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது, முங்க முடியவில்லை
- மூக்கில் நுரை அல்லது குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது
- கண் வீங்கி மூடியிருக்கிறது
- ஓட்டில் மென்மையான இடம், கெட்ட நாற்றம்
- தண்ணீரும் மேடையும் சரியான சூட்டில் இருந்தும் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை

முதல் இரண்டும் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போகும் வரை தண்ணீரை 28-இல் வைத்து, மட்டத்தை ஓடு மூடும் அளவுக்குக் குறையுங்கள், மூச்சுக்குத் தலை தூக்க எளிதாக இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மருந்தோ மீன் மருந்தோ போடாதீர்கள்.

வெயிலில் மாட்டித் துவண்டு கிடந்தால் அது வேறு அவசரம். நிழலுக்குக் கொண்டுபோய், அறைச் சூட்டிலுள்ள தண்ணீரில் கழுத்து மூழ்காத ஆழத்தில் வைத்து, மெதுவாக ஆறவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அசைவு திரும்பினாலும் அன்றைக்கே காட்டுங்கள், உள்ளே பட்ட கேடு வெளியே தெரியாது.

எல்லா விலங்கு கிளினிக்கும் ஆமை பார்ப்பதில்லை. நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. புறப்படுவதற்கு முன் போன் போட்டு "ஆமை பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். நல்ல நாளிலேயே ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்தால் ராத்திரியில் தேடி அலைய வேண்டாம். தண்ணீர் இல்லாத, காற்றுத் துளை போட்ட பெட்டியில் ஈரத் துண்டு விரித்து எடுத்துப் போங்கள். டாக்சியில் ஏர்கான் காற்று பெட்டி மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த காலை, பிற்பகல் அளவுகளையும், மேடையின் சூட்டையும், யுவிபி விளக்கு வாங்கிய மாதத்தையும் காட்டுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். வீட்டுக்கு வந்ததும் ஆமையைத் தொட்ட எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.